எச்சு கார்டு

பணி ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் ரேஷன் கடைப் பணியாளர்களின் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானாக வெளியேறவும் பயம். வெளியேறினால் எல்லாருக்கும் அது தெரிந்துவிடுமாம். கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்று நினைத்துவிட்டால்? அதனால் தினமும் காலையில் வருகிற ரோஜாப்பூ வணக்கங்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளேயே இருக்கிறேன்.

போன மாதம் அதில் கவிதா ஒரு செய்தி போட்டிருந்தாள். நான் வேலை பார்த்த கடையில் இப்போது விற்பனையாளராக இருப்பவள். எங்கோ ஒரு குளிர் நாட்டில், ஜனங்கள் சோப்பு, செருப்பு என்று வாங்கும்போது கட்டுகிற விற்பனை வரியில் ஒரு பங்கை, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் அரசாங்கமே திருப்பித் தருகிறதாம். நேராக பேங்க் கணக்குக்கே வந்துவிடுமாம். கீழே கவிதா கேட்டிருந்தாள்: "அக்கா, நம்ம ஊர்லயும் இப்படி வந்துட்டா கடைய மூடிடுவாங்களா? நீங்க பழைய ஆளு, சொல்லுங்க."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையை மூடினால் கவிதா என்ன ஆவாள், அவள் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்று அவளுக்காக நான் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேன். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்பது கை கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுபடி அந்தச் செய்தியை எடுத்துப் படித்தேன். 'வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும்' என்ற இடத்தில் கண் நின்றது. சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா, தனியா சிரிச்சிக்கினு கீற?" என்றார். யார் வருமானம் குறைந்த குடும்பம் என்று அந்த நாட்டில் எப்படிக் கண்டுபிடிப்பார்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு தடவை வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். அப்போது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கவிதாவுக்கும் அவள் வயதுப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முதலில் அம்மாவோடு நடவுக்குப் போனேன். அந்த நிலத்தில் கம்பெனி வந்ததும் அதே இடத்தில் கூட்டிப் பெருக்கப் போனேன். பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு காலனியில் கூட்டுறவு ரேஷன் கடைக்குக் கட்டுநர் வேலை கிடைத்தது. அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெயை எடைபோட்டு, அளந்து, பையில் கொட்டுகிற வேலைக்கு ஆபீஸில் வைத்திருக்கிற பெயர் அது. திருவள்ளூரில் ஒரு பயிற்சி நடத்தினார்கள். ஊத்துக்கோட்டை வழியாக பஸ் மாறிப் போய்வந்தேன். தவறான பஸ்ஸில் ஏறி ஆந்திராவுக்குப் போய்விடுவேனோ என்று ஒவ்வொரு நாளும் கண்டக்டரைக் கேட்டுக் கேட்டு அவர் என்னைக் கண்டாலே திரும்பிக்கொள்வார். பயிற்சியில் சொன்னதில் பாதி மறந்துவிட்டது. மீதியை பாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பாய் என்றால் ஜெய்னுலாப்தீன் பாய், எங்கள் கடை விற்பனையாளர். பழவேற்காட்டில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் பண்ணிய குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடை வைத்திருந்தார்கள். இவருக்கு மட்டும் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வாய் வராது. "நீ எங்கயாச்சும் சம்பளத்துக்குப் போயிடு" என்று அவர் வாப்பாவே கூட்டுறவு வேலைக்கு அனுப்பிவைத்தாராம்.

காலையில் வந்ததும் பாய் தராசுத் தட்டு இரண்டையும் துணியால் துடைப்பார். வெறும் தட்டைத் தூக்கிப் பிடித்து, முள் நடுவில் நிற்கிறதா என்று வரிசையில் முதலில் நிற்பவருக்குக் காட்டுவார். அவர் தலையாட்டினால்தான் கடை ஆரம்பம். சாம்பிள் அரிசியைச் சின்னத் தட்டில் போட்டு வெளியே வைப்பார். இருப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதுவார். நான் அரிசியை அள்ளி வைக்கும்போது தட்டு ஆடினால் கையை எடுக்கச் சொல்வார். ஆட்டம் நிற்கும்வரை யாரும் பேசக்கூடாது. வாங்க வந்தவர் பாய் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், "முள்ளைப் பாரும்மா, என் மூஞ்சில இன்னா கீது?" என்பார். மூட்டை அடியில் தங்குகிற தூசி அரிசியை யாருக்கும் முதலில் போடக்கூடாது. சல்லடையில் சலித்து, கடைசியாக, வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.

இன்னொரு பழக்கம் அவரிடம். கார்டின் வகையை அவர் சத்தமாகச் சொல்லவே மாட்டார். அரிசி கார்டு, சர்க்கரை கார்டு, ஏழைக்கு ஏழை கார்டு என்று சில கடைகளில் கூவிக் கூப்பிடுவார்கள். பாய் கார்டை வாங்கி, குனிந்து பார்த்து, பில் போட்டு, என்னிடம் விரலால் காட்டுவார். அடுத்து, "வாங்கம்மா அடுத்தவங்க." அவ்வளவுதான்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன். "இன்னா பாய், இல்லாதவங்களுக்கு கவர்மெண்ட்டு சும்மா குடுக்குறத வாங்கறதுக்கு எதுக்கு இவ்ளோ ரகசியம்?"

"சும்மாவா?" அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "தனம், நீ ஒரு சோப்பு வாங்குற. கம்பெனி மொதலாளியும் அதே சோப்ப வாங்குறாரு. ரெண்டு பேருக்கும் ஒரே விற்பனை வரி. அவருக்கு அது தூசி. உனக்கு அது ஒரு வேளை நாஷ்டா. அந்த நாஷ்டாவத் திருப்பிக் குடுக்கத்தான் இந்தக் கடைய வெச்சிக்கிறாங்க. இது தர்மம் இல்ல தங்கச்சி. வாபஸ்."

அப்படியெல்லாம் அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் கடையில் ரேஷன் அரிசிக்குப் பேரே வாபஸ்தான். "பாய், இன்னிக்கி வாபஸ் பச்சரிசியா, புழுங்கலா?" என்று வரிசையிலேயே கேட்பார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் கூடப்பிறந்தது. கடையைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மண்ணெண்ணெய் டிரம் பக்கத்தில் யாராவது பீடியை நினைத்தாலே எனக்கு வியர்க்கும். "பயப்படுறதுக்குத் தனியா ஒரு அலவன்ஸ் கேளு தனம், நான் சிபாரிசு பண்றேன்" என்பார் பாய்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். மாத வருமானம் ஒரு அளவுக்கு மேல் இருக்கிற குடும்பங்களுக்கு இனி ரேஷன் பொருள் கிடையாது, கார்டை அடையாளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு வந்தது. அப்படிப்பட்ட கார்டில் ஆங்கில 'எச்' எழுத்து முத்திரை விழும். வீடு வீடாக வந்து வருமானத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு முத்திரை குத்தினார்கள். கடைக்கு அந்தக் கார்டு வந்தால்தான் யாருக்கு என்ன விழுந்தது என்று எங்களுக்கே தெரியும்.

இதில் எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு வில்லங்கம். எல்லை ஊர் என்பதால் எங்கள் பேச்சில் தெலுங்கு கலந்திருக்கும். 'எச்சு' என்றால் எங்களுக்கு 'அதிகம்' என்று அர்த்தம். குழம்பில் காரம் எச்சு, இந்த மாசம் கரண்ட் பில்லு எச்சு. இப்போது கார்டிலேயே ஒரு எச்சு விழுந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

கிரேசி அக்கா இரண்டு பையோடு வந்தார். பக்கத்துத் தெரு. வீட்டுக்காரர் தேவசகாயம் இரும்புக் கம்பி உருட்டுகிற கம்பெனியில் காண்டிராக்ட் கூலி. அவர்கள் வீட்டில் எல்லாரும் முன்பு வயல் வேலைக்குப் போனவர்கள், எங்கள் வீட்டைப் போலத்தான். அக்கா முகம் எல்லாம் பல்.

"தனம், ஒரு பை பத்தாதுன்னு ரெண்டு எடுத்தாந்தேன். எங்க கார்டுக்கு எச்சு குத்திக் குட்த்தாங்க. இந்த மாசத்துலேர்ந்து எச்சா வருமாமே?"

எனக்குக் கையிலிருந்த முறம் நழுவியது. பின்னால் பெரிய வரிசை. பாய் கார்டை வாங்கிக் குனிந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"உங்க கார்டுக்குக் கொஞ்சம் எழுத்து வேலை கீதும்மா. கடை சாத்தற நேரம் வாங்க, நிம்மதியாப் பாக்கலாம்" என்றார்.

மதியம் எல்லாரும் போன பிறகு, எச்சு என்றால் அதிகம் இல்லை, ஒன்றுமே இல்லை என்று பாய் மெதுவாகச் சொன்னார். கிரேசி அக்கா இரண்டு பையையும் மடியில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"வருமானம் இவ்ளோன்னு யாரும்மா சொன்னது?" என்றார் பாய்.

"இன்னா பண்றது பாய்? அந்தக் கணக்கெடுக்கற தம்பி வேற நாள் பாத்து வந்திருக்கக் கூடாதா? அன்னிக்கித் தான் எங்க ரூபியப் பாக்க மாப்ள ஊட்ல வந்து குந்திக்கினு கீறாங்க. வாசல்ல நின்னுக்கினு 'குடும்ப வருமானம் எவ்ளோ'ன்றான் அவன். எங்க ஊட்டுக்காரரு மாப்ளையோட அம்மாவ ஒருவாட்டி பாத்தாரு. மீசையத் தடவுனாரு. 'எட்டாயிரம் எழுதிக்க தம்பி, மாட்டு வருமானம் தனி'ன்னாரு."

"மாடு எப்ப வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"எங்க வாங்குனோம்? பக்கத்து ஊட்டு மாடு. நெழல்ல கட்றேன்னு நம்ம வாசல்ல கட்டிக்கிறாங்க. ஃபேன் கூட அன்னிக்கு சர்ச்சுலேர்ந்து எடுத்தாந்து மாட்னது. நான் வெக்கம் தாங்காம காபி போட உள்ள போயிட்டேன்."

சிரிப்பு வந்தது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. காண்டிராக்ட் வேலை வாரத்தில் பாதி நாள்தான் இருந்தது. வெளிக்கடை அரிசி விலைக்கு அந்தச் சம்பளம் தாங்காது. ரூபியின் தையல் மிஷினை விற்றுவிடலாம் என்று தேவசகாயம் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்.

முத்திரையை எடுக்க வழி இல்லாமல் இல்லை. ஒரு மனு எழுத வேண்டும், அதோடு சம்பளச் சான்று. காண்டிராக்டரிடம் சான்று கேட்டதற்கு, "உன்ன வேலைக்கு வெச்சதே பேப்பர்ல இல்ல, எந்தப் பேப்பர்ல நான் எழுதறது?" என்று கேட்டாராம். சான்று இல்லாதவர்களுக்கு எங்கள் பகுதி வழங்கல் ஆய்வாளர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அதே கடையில் கார்டு இருக்கிற ஒருவர், இந்தக் குடும்பம் வருமானம் குறைந்ததுதான் என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அவர் நேரில் விசாரிப்பார்.

சாட்சி என்றதும் அக்காவின் முகம் இன்னும் சுருங்கியது. "யாரக் கேப்பேன்? யாரக் கேட்டாலும் அந்தம்மா காதுக்குப் போயிடும். ஓலை வாசிக்கறதுக்கு ரெண்டு வாரம் கூட இல்ல."

ஓலை வாசிப்பது என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உண்டா என்று சர்ச்சில் சபைக்கு முன் அறிவிப்பது. அதற்குப் பிறகு யாரும் லேசில் மாறமாட்டார்கள். அதுவரை தேவசகாயம் எட்டாயிரம் சம்பாதித்தாக வேண்டும்.

அந்தம்மா யார் என்றால், எஸ்தர். மாப்பிள்ளை சாமுவேலின் அம்மா. அவருக்கும் எங்கள் கடையில்தான் கார்டு. தினமும் ஷேர் ஆட்டோவில் எளாவூர் போய், செக்போஸ்ட்டில் நிற்கிற லாரிக்காரர்களுக்கு நாஷ்டா கடை போடுகிறவர். அவர் வரிசைக் கடைசியில் நின்று பேசினால் முன்னால் இருக்கிற தராசு ஆடும். "பாய், முள்ளு ஆடுது! நைனா, முள்ளு ஆடுது பாரு!" என்பார். "நீங்க பேசறத நிறுத்துனா நிக்கும்மா" என்பார் பாய். சொந்தமாக இரண்டு லாரி ஓடுகிறது என்று எஸ்தர் சொல்லிக்கொண்டதாகக் கேள்வி.

"நானே சாட்சி போட்றேன் பாய்" என்றேன். கடைக்காரர்கள் போடக்கூடாது என்று பாய் சொல்லிவிட்டார். "மொதல்ல மனுவ எழுதும்மா. சாட்சிய அப்பால பாத்துக்கலாம்" என்று கிரேசி அக்காவை அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு எனக்கு இருந்த ஒரே வேலை, எஸ்தர் வருகிறாரா என்று பார்ப்பது. கிரேசி அக்கா நிற்கும்போது அவர் வந்து, "இன்னா சம்பந்தி, எச்சுக்காரங்களுக்கு இங்க இன்னா வேலை?" என்று கேட்டுவிட்டால்? நல்லவேளையாக எஸ்தர் அந்த மாதம் கடைப்பக்கமே வரவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. இரண்டு நாளில் அதுவே பயமாகிவிட்டது. ஏன் வரவில்லை? விஷயம் தெரிந்து கோபமா? பாயிடம் சொன்னேன்.

"வந்தாலும் பயம், வராட்டியும் பயம். அந்தம்மா இன்னா தான் பண்ணணும்ன்ற?" என்றார்.

விசாரணைக்கு ஆய்வாளர் வருகிற நாள் தெரிந்தது. அவர் வீட்டுக்குப் போனால் தெருவே கூடும். ஜன்னலுக்கு ஒரு தலை முளைக்கும். பாய் அவருக்கு முன்கூட்டியே போன் போட்டு, "வெயில்ல எதுக்கு சார் தெருத் தெருவா அலையறீங்க? மனு குடுத்தவங்கள மதியம் கடை சாத்தின பெறகு இங்கயே வரச் சொல்லிடறேன். டீ நல்லா இருக்கும்" என்றார். டீ என்ற சொல்லில் ஆய்வாளர் ஒப்புக்கொண்டார். மனுக்கள் எல்லாம் ஆபீஸுக்குத்தான் போயிருந்தன. எங்கள் கடையில் யார் யார் கொடுத்திருக்கிறார்கள் என்ற முழு விவரம் அவர் பையில்தான் இருந்தது. பாய் செய்ததெல்லாம், வாசலில் பொதுவாக ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டியதுதான்.

அன்று கடைக்கதவை முக்கால்வாசி சாத்தி வைத்திருந்தோம். ஆய்வாளர் சட்டைக் காலருக்குள் கர்சீப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கிரேசி அக்காவை மண்ணெண்ணெய் டிரம் இருக்கிற பின்பக்கமாக நான்தான் கூட்டிவந்தேன். அக்கா கார்டை மேஜைமேல் வைத்தார்.

"தேவசகாயம் வீட்டுக்காரம்மாவா? மாடு இருக்கா?"

"இல்ல சார்."

"எழுதியிருக்கே."

"அது பக்கத்து ஊட்டுது சார்."

"சரி. சாட்சி எங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பாய் டீயை ஆற்றினார். அப்போதுதான் வெளியே அந்தக் குரல். "பாய்! உள்ள கீறீங்களா?"

எஸ்தர்.

யோசிக்க எங்கே நேரம்? கிரேசி அக்காவின் கையைப் பிடித்து இழுத்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டேன். ஆய்வாளர் டீ டம்ளரை வாயருகே வைத்தபடி, "என்னம்மா பண்றீங்க?" என்றார். நான் கைகூப்பினேன். கும்பிட்டால் எதற்கும் பதிலாகும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

கதவைத் தள்ளிக்கொண்டு எஸ்தர் உள்ளே வந்தார். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சார், நானும் மனு குட்த்துக்கிறேன். இந்த எச்ச எட்த்துடுங்க சார். பெரிய பேஜாராப் போச்சு." சுருக்குப் பைக்குள் மடித்து வைத்திருந்த கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். எச் முத்திரை மினுமினுவென்று இருந்தது.

பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். ஆய்வாளர் தன் பேப்பரைப் புரட்டினார்.

"ஏன்மா, பத்தாயிரம் வருமானம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. ரெண்டு லாரி வேற."

"சொன்னேன் சார். யார் இல்லேன்னது? என் பையனுக்குப் பொண்ணு பாக்கப் போய்க் குந்திக்கினு கீறேன். அந்த ஊட்டுக்காரரு எட்டாயிரம்ன்றாரு. மாடு கீதுன்றாரு. அந்தம்மா காபி போட உள்ள போச்சு. எழுதற தம்பி என் பக்கம் திரும்பி, 'நீங்களும் இந்த ஏரியா தானே, கார்டு நம்பர் சொல்லுங்க, உங்களதையும் இங்கயே எழுதிக்கறேன், ஒரு நடை மிச்சம்'ன்றான். நான் ஆம்பளப் புள்ளயப் பெத்தவ சார். எட்டாயிரத்துக்குக் கீழ எப்படி சொல்றது?"

"அப்ப உண்மையான வருமானம்?"

"நாஷ்டா கடைல இன்னா சார் வரும்? லாரி வந்தா வரும். என் பையன் கம்பெனில பெயின்ட் அடிக்கறான், அதுவும் தினக்கூலி. எச்சு விழுந்ததுலேர்ந்து வெளில அரிசி வாங்கி முடியல. ஆனா அவங்க பெரிய இடம் சார். மாடு, ஃபேனு எல்லாம் வெச்சிக்கினு கீறாங்க. இது தெரிஞ்சா என் பையனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க. அதான் சாட்சிக்குக் கூட ஆளு கூட்டியாரல."

இந்த இடத்தில் மூட்டைக்குப் பின்னால் ஒரு தும்மல்.

"யாரது?" என்றார் எஸ்தர்.

"எலி எஸ்தரக்கா" என்றேன்.

"எலி தும்முமா?"

"பெருசா கீது."

இரண்டாவது தும்மலில் கிரேசி அக்காவே எழுந்துவிட்டார். தலையெல்லாம் அரிசித் தவிடு. மாவில் புரட்டி எடுத்தது போல நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நான் முடிவு செய்தேன். அதுவும் என்னால் நின்றுவிட்டது. ஒளித்து வைக்காமல் விட்டிருந்தால் ஒரு வணக்கத்தோடு போயிருக்கும். இனி ரூபிக்கு யார் மாப்பிள்ளை பார்ப்பது என்கிற வரைக்கும் என் மனம் ஓடிவிட்டது.

எஸ்தர்தான் முதலில் பேசினார். "நீ இன்னா இங்க?"

கிரேசி அக்கா மேஜையைக் காட்டினார். அங்கே இரண்டு கார்டு, இரண்டு எச்.

"அப்ப அந்த எட்டாயிரம்?"

"அவரு வாய்ல வந்தது."

"மாடு?"

"பக்கத்து ஊட்டுது."

"ஃபேனு கூடவா?"

"சர்ச்சுது."

கிரேசி அக்காவுக்கும் இப்போது ரோஷம் வந்துவிட்டது. "அது கெடக்கட்டும். ரெண்டு லாரி ஓடுதுன்னு சொன்னீங்களே?"

"ஓடுதே. நெதம் என் கடை வாசல்ல நின்னுட்டுத் தான் ஓடுது. ஓனரு வேற ஆளு."

முதலில் சிரித்தது பாய்தான். அவர் சத்தமாகச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆய்வாளருக்குத்தான் பொறுமை போய்விட்டது. "உங்க குடும்பக் கதையெல்லாம் வீட்டுல பேசிக்கோங்க. சாட்சி இருக்கா, இல்லையா? இல்லாட்டி நான் கிளம்பறேன்."

"கீறாங்களே சார்" என்றார் பாய். "ரெண்டு பேருக்கும் இந்தக் கடையில தான் கார்டு. இவங்களுக்கு அவங்க சாட்சி. அவங்களுக்கு இவங்க."

ஆய்வாளர் தலையைச் சொறிந்தார். அவர் வழக்கத்தில் அதற்குத் தடை ஏதும் இல்லை போலிருக்கிறது. இரண்டு தாளில் எழுதி, வாசித்தும் காட்டினார். "மேற்படி குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வருமானம் குறைந்தவர்கள் என்று உறுதி கூறுகிறேன்."

"இன்னொருவாட்டி படி நைனா" என்றார் எஸ்தர்.

இன்னொரு முறை படித்தார். எஸ்தர் பேனாவை வாங்கிக்கொண்டார். ஆனால் தாளில் வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் சம்பந்தி வீடு வசதி இல்லாத வீடு என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி. போடாமல் எழுந்து போனால் இரண்டு வீட்டுக்கும் அரிசியும் இல்லை, கல்யாணமும் இல்லை.

"அந்தத் தையல் மிஷினு யாருது?" என்றார் எஸ்தர்.

"அது எங்க ரூபிது. தெச்சு சம்பாதிச்சு அவளே வாங்குனது." கிரேசி அக்காவின் குரல் நிமிர்ந்திருந்தது.

"சத்தியமா?"

"நீங்க போட்டுக்கினு கீற ஜாக்கெட்டே அவ தெச்சது தான். அளவு ஜாக்கெட் குட்த்து அனுப்பல?"

எஸ்தர் ஒரு கையைத் தூக்கி, தோளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஜாக்கெட் எங்கும் பிடிக்கவில்லை. குனிந்து, எஸ்தர் என்று நான்கு எழுத்தையும் தாள் நிறைய எழுதினார். பேனாவைக் கிரேசி அக்காவிடம் நீட்டினார்.

"இந்தா. நீயும் எனக்கு எழுதிக் குடு, நான் இல்லாதவன்னு. நல்லா அழுத்தி எழுது, அப்பத் தான் இந்த எச்சு போவும்." பிறகு அவருடைய வழக்கமான குரலில், தெருவுக்கே கேட்கும்படி, "ஞாயித்துக்கெழம தானே ஓலை? சீக்கிரம் வந்துடு சம்பந்தி, முன் பெஞ்சில எடம் புடிக்கணும்!"

கிரேசி அக்கா கையெழுத்துப் போடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவிடு என்றார். அது தும்மலுக்குக் காரணம், கண்ணுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

முத்திரை ரத்தானது. அடுத்த மாதம் இருவரும் ஒன்றாக வந்து வரிசையில் நின்றார்கள். பாய் முள்ளைக் காட்டினார். "ஆடுது பாய்" என்றார் எஸ்தர். "நீங்க பேசறத நிறுத்துங்கம்மா" என்றார் பாய். சர்ச்சில் கல்யாணத்தன்று மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் காட்டி, "பாத்தியா தனம், நம்ம சம்பந்தி ஊட்டு ஃபேனு" என்று எஸ்தர் என் காதில் சொன்னார். அவருக்கு அது ரகசியம். பாதிரியார் ஜெபத்தை ஒரு நொடி நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

கொஞ்ச காலத்தில் அந்த எச் முத்திரையே எல்லாருக்கும் எடுபட்டுப் போனது. பாய் ஓய்வு பெற்றுப் பழவேற்காட்டுக்கே போய்விட்டார். எனக்குப் பிறகு தராசும் போய் மிஷின் வந்துவிட்டது. மிஷினில் முள் கிடையாது, நம்பர்தான். எஸ்தர் இப்போது எதைப் பார்த்துச் சண்டை போடுகிறாரோ, கவிதாதான் சொல்ல வேண்டும். ரூபி கடைத்தெருவில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். என் ஜாக்கெட் எல்லாம் அங்கேதான்.

கவிதா, நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். வரியைத் திருப்பிக் கொடுப்பது அந்த நாட்டுக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. நம் கடையில் அது ரொம்ப நாளாக மூட்டையில் வந்துகொண்டிருக்கிறது, பேரு மட்டும் வாபஸ். பேங்க்குக்கே நேராக வந்தாலும் வரட்டும், ஜனங்களுக்குச் சேர்ந்தால் சரி. கடை இருக்குமா, இருக்காதா என்று நீ பயப்படாதே. பயப்படுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு வேறு வேலை இல்லை. ஒன்றை மட்டும் உன் மேலதிகாரிகள் யாராவது கேட்டால் சொல்லிவை. வருமானம் எவ்வளவு என்று எழுதிக்கொள்ள ஆள் அனுப்பினால், அந்த ஆள் வாசலில் நின்று முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. "வீட்டுக்கு விருந்தாளி யாராச்சும் வந்துக்கிறாங்களா?" என்று கேட்கட்டும். ஆமாம் என்றால், ஒரு வாய் காபி குடித்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போகட்டும்.